''உன் மேல கேஸ் இருக்கா, தம்பி?''

ஒரு பையன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் மூன்று பேர் போதும். தெருமுனை இஸ்திரிக்காரர், பெட்டிக் கடைக்காரர், எதிர்வீட்டு மாமி. பெண்ணைப் பெற்றவர் சோடா குடிக்கிற சாக்கில் கடையோரம் ஒதுங்கி, ''இந்த மூணாம் நம்பர் வீட்டுப் பையன்...'' என்று லேசாக இழுப்பார். ''பையன் தங்கம் ஸார். சிகரெட் பாக்கிதான் முந்நூத்தம்பது ரூபா நிக்குது'' என்று முழு ரிப்போர்ட்டும் வந்துவிடும். கட்டணம் ஒரு சோடா. இதில் விட்டுப்போன சமாசாரம் ஏதாவது இருந்தால் மொட்டைக் கடுதாசியில் வந்து சேரும்.

இப்போது அந்த உத்தியோகத்தை போலீஸ் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. கம்பெனியில் சேரணுமா? வெரிஃபிகேஷன். பாஸ்போர்ட்டா? வெரிஃபிகேஷன். வாடகைக்கு வீடா? ஆதார் நகல், போட்டோ, வெரிஃபிகேஷன். குவைத்தில் வேலையா? பி.ஸி.ஸி. என்கிற போலீஸ் சான்றிதழ். வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பின்னணியை விசாரிக்கக்கூட தமிழ்நாடு போலீஸ் ஆன்லைனில் வசதி செய்து வைத்திருக்கிறது. பணம் கட்டி விண்ணப்பித்தால் போதும். (வாடகைக்கு வருகிறவனின் பூர்வோத்தரத்தை எல்லாம் அலசும் ஹவுஸ் ஓனர், காலி செய்யும்போது அட்வான்ஸை ஒழுங்காகத் திருப்பித் தருவாரா என்று விசாரித்துச் சொல்லத்தான் இன்னும் யாரும் வசதி செய்யவில்லை.)

நல்ல விஷயம்தானே, மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ரூம்மேட் அந்த ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கும் வரை.

2022. திருவல்லிக்கேணி மேன்ஷன். பெரிய கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பழைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. ஊரில் அம்மா மாரியம்மனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தார் (பையனின் முடி). சேருவதற்கு முன் நிரப்ப வேண்டிய ஃபாரத்தில் ஏழாவது பக்கத்தில் ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டது, உங்கள் மேல் குற்ற வழக்கு தொடரப்பட்டது உண்டா? ஆம், இல்லை. இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

''என்னடா, இல்லைன்னு அடிச்சுட்டுத் தூங்கு'' என்றேன்.

''நான் ஏ-த்ரீடா'' என்றான்.

2015-ல் நடந்த கதை. அவன் ஊரில் கோயில் திருவிழாவை ஒட்டி டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி. ஃபைனல். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். ரன் அவுட்டா இல்லையா என்று தகராறு. வாய் முற்றி, ஸ்டம்ப்பைப் பிடுங்கிவிட்டார்கள். எதிர் டீம் பையன் ஒருத்தனுக்கு உதடு கிழிந்தது. அவன் மாமா கொஞ்சம் செல்வாக்கானவர். சாயந்தரமே ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். அந்தக் காலத்து இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1). அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. தமிழ்நாட்டில் தெருச் சண்டை என்றால் இந்த மூன்றும் இட்லி-வடை-பொங்கல் மாதிரி செட்டாகத்தான் வரும். ஏ-ஒன் பௌலர், ஏ-டூ கேப்டன், ஏ-த்ரீ நம்மாள், ஏ-ஃபோர்... பாவம், அம்பயர்!

மூன்று வருஷம் வாய்தா. அதற்குள் உதடு கிழிந்தவன் சமாதானமாகி, தன் அக்கா கல்யாணத்துக்கு நாலு பேருக்கும் பத்திரிகை வைத்துவிட்டான். கோர்ட்டில் கூண்டில் ஏறி, ''கூட்டமா இருந்துதுங்க, யார் அடிச்சாங்கன்னு ஞாபகமில்லீங்க'' என்றான். 2018-ல் நாலு பேருக்கும் விடுதலை. வெளியே வந்து ஐந்து பேரும் சேர்ந்து புரோட்டா சாப்பிட்டார்கள்.

''விடுதலைதான் ஆயாச்சே! அப்புறம் என்ன 'ஆம்'? 'இல்லை'ன்னு போடு'' என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். பக்கத்து ரூமில் ஒரு வக்கீல் குமாஸ்தா. ஐம்பத்தைந்து வயது. ராத்திரி தூக்கம் வராதவர். கதவோரம் வந்து நின்றார். ''கேள்வியை இன்னொரு தடவை படி தம்பி. தண்டனை உண்டான்னு கேட்கலை. வழக்கு உண்டான்னு கேட்டிருக்கான். கேஸ் இருந்ததால வேலை போனவனை விட, கேஸை மறைச்சதால வேலை போனவனைத்தான் நான் ஜாஸ்தி பார்த்திருக்கேன்.''

அவர் சொன்னதற்கு ஒரு பிரசித்தி பெற்ற உதாரணம் இருக்கிறது. டெல்லியில் ஓர் இளைஞர். 1999-ல் டெல்லி போலீஸில் எழுத்து வேலைக்கான ஹெட் கான்ஸ்டபிள் பதவிக்கு விண்ணப்பித்தார். அதற்கு முன்பு ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, சமரசமாகி, 1998-ல் விடுதலையானவர். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார். தேர்வில் பாஸ். பிறகு இன்னொரு ஃபாரம் வந்தபோது மனசு கேட்காமல் வழக்கைப் பற்றி எழுதினார். வந்தது வினை. 'முதலில் ஏன் மறைத்தாய்?' என்று 2003-ல் தேர்வை ரத்து செய்தார்கள். வழக்கு படிப்படியாக ஏறி, 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பு, இளைஞர் பக்கம்.

அந்தத் தீர்ப்பு படிக்க சுவாரஸ்யமானது. நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு. சம்பவம் நடந்தபோது பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும், அந்த வயதில் அசட்டுத்தனம் செய்வது சகஜம், அதற்காக ஆயுசுக்கும் முத்திரை குத்த வேண்டியதில்லை என்கிற ரீதியில் போகிறது. துணைக்கு 1970-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கையும் இழுத்திருக்கிறார். வேல்ஸ் நாட்டு மாணவர்கள் தங்கள் தாய்மொழிக்காக லண்டனில் கோர்ட்டுக்குள்ளேயே புகுந்து கலாட்டா செய்து, மூன்று மாத ஜெயில் வாங்கினார்கள். டென்னிங் பிரபு அவர்களை விடுவித்தார். (மொழிக்காகக் கலாட்டா செய்த மாணவர்கள் என்றதும் நம்மூரில் சில தாத்தாக்களுக்கு 1965 ஞாபகம் வரும்.) போதாததற்கு, ஒரு ரொட்டியைத் திருடிவிட்டு ஆயுள் முழுக்கத் திருடன் என்ற பெயரைச் சுமந்த ழான் வால்ழான் கதையையும் தீர்ப்பில் சொல்கிறார்.

அந்தக் கதை நமக்குப் புதிதல்ல. விக்தர் ஹ்யூகோவின் அந்த நாவல்தான் 1950-ல் நாகையா நடித்து 'ஏழை படும் பாடு' என்று வந்தது. அதில் பழைய கைதியை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசி வரை 'ஜாவர்' சீதாராமன் ஆகிவிட்டார். துரத்தியவருக்கே பெயர் போகவில்லை என்றால், துரத்தப்பட்டவன் கதியைக் கேட்கவா வேண்டும்!

சரி, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கவலை விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதையெல்லாம் சீர்தூக்கி விரிவாக ஒரு தீர்ப்பு தந்தது. அதன் சாராம்சம்: இளவயதில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்காக இருந்து, அதை ஒருவன் மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் மன்னித்து விடலாம். கவனியுங்கள், 'விடலாம்'. விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. சரி, உண்மையைச் சொல்லிவிட்டால்? அப்போதும் அவனை எடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரே ஒரு ஆறுதல், கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். மூடுமந்திரமாகக் கேட்டுவிட்டு, நீ மறைத்துவிட்டாய் என்று பிறகு கழுத்தைப் பிடிக்கக் கூடாது.

ஆக, மறைத்தாலும் ஆபத்து, சொன்னாலும் உத்தரவாதம் இல்லை. எங்கள் மேன்ஷனில் அன்று ராத்திரி ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

''ஏ-ஃபோருக்கு என்ன ஆச்சு தெரியுமில்ல?'' என்றான் ரூம்மேட்.

அம்பயர் கதைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவன் ஸ்டம்ப்பைத் தொடவே இல்லை. ரன் அவுட் கொடுத்தான், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து போலீஸ் ஆக வேண்டும் என்று வெறி. விடிகாலை நாலரைக்கு எழுந்து ரோட்டில் ஓடுகிற ரகம். 2019-ல் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் பாஸ். கடைசியில் வெரிஃபிகேஷன். அங்கே போலீஸ் வேலைக்கான விதி ஒன்று குறுக்கே படுத்திருந்தது. 14(பி)(4) என்பார்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானாலும் சரி, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாகி விடுதலையானாலும் சரி, அந்த ஆசாமி குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வரை போய் நிலைநின்ற விதி.

உதடு கிழிந்தவன் நல்லெண்ணத்தில் சொன்ன 'ஞாபகமில்லீங்க' அம்பயரின் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டது. 'அம்பயர் அடிக்கலைங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான். யாருக்குத் தெரியும் அப்போது! இன்றைக்கு அவன் ஊரில் டிராக்டர் ஓட்டுகிறான். விடிகாலை ஓட்டத்தை நிறுத்திவிட்டானாம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு சொல்லத் தோன்றுகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 251 பேர், தங்கள் மேல் குற்ற வழக்கு இருப்பதாக அவர்களே வேட்புமனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஏ.டி.ஆர். என்கிற ஜனநாயகச் சீர்திருத்த அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. நூற்றுக்கு நாற்பத்தாறு. சட்டம் அவர்களைத் தடுப்பதில்லை. தண்டனை பெற்றால்தான், அதுவும் பெரும்பாலான குற்றங்களுக்கு இரண்டு வருஷமாவது பெற்றால்தான் பதவி போகும். எம்.பி.க்கு பந்தோபஸ்து நிற்கிற கான்ஸ்டபிள் மட்டும் கிரிக்கெட் அம்பயராக இருந்திருக்கக் கூடாது.

அதற்காக விசாரணையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2014 டிசம்பரில் டெல்லியில் நடந்ததை மறக்க முடியுமா? செல்போனில் கூப்பிட்ட டாக்ஸியில் ஏறிய பெண்ணை டிரைவரே பலாத்காரம் செய்தான். விசாரித்தால், அதே மாதிரி ஒரு வழக்கில் 2011-ல் கைதாகி ஜெயிலில் இருந்து, பிறகு விடுதலையானவன். சொந்த ஊர்ப் பக்கமும் அவன் மேல் வழக்குகள். கையில் வைத்திருந்த போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் போலி. யாராவது ஒருத்தர் ஒழுங்காக விசாரித்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பாள். என் ரூம்மேட்டும் 'விடுதலை', அவனும் ஒரு காலத்தில் 'விடுதலை'. காகிதத்தில் இரண்டும் ஒரே நாலு எழுத்து. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை வேண்டுமே, அதுதான் கடினம்.

சென்னைக்காரர்களுக்கு 2012 பிப்ரவரி ஞாபகம் இருக்கும். பாங்க் கொள்ளையர்கள் என்று சொல்லப்பட்ட ஐந்து பேரை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீஸ் சுட்டுக் கொன்றது. வாடகைக்கு வருகிறவர்களின் விவரத்தை வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனில் தர வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு போட்டார். மேன்ஷன்வாசிகளான எங்கள் ஜாதிக்கு, அதுவும் பெயர் கொஞ்சம் வேற்றூர் வாசனை அடித்தால், வீடு கிடைப்பது இன்னும் கஷ்டமாயிற்று. வடக்கத்திப் பையன்கள் பாடு இன்னும் மோசம்.

பெயர் என்றதும் இன்னொன்று. கம்பெனிகளுக்காக விசாரிக்கிற ஏஜென்ஸிகள் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. ஈ-கோர்ட்ஸ் என்று அரசாங்க வெப்சைட் இருக்கிறது. மாவட்டம், வருஷம், பெயர் கொடுத்தால் வழக்கு விவரம் வருகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இலவசம். நான் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். நாலு பேர் வந்தார்கள். ஒருவர் செக் பவுன்ஸ், ஒருவர் ஜீவனாம்சம், ஒருவர் குடித்துவிட்டு வண்டி, நாலாமவர் ஏதோ வரப்புத் தகராறு. ''கல்யாணமே ஆகாம ஜீவனாம்சமா?'' என்று ரூம்மேட் சந்தேகமாகப் பார்த்தான். வடக்கே குடும்பப் பெயர் என்று ஒரு வாலாவது இருக்கிறது. நமக்கு இருப்பதெல்லாம் ஒற்றை இனிஷியல். எஸ். கார்த்திக்குகளும் எம். செந்தில்குமார்களும் ஒரு தாலுகாவுக்கே எத்தனை பேர்! த/பெ என்று அப்பா பெயரைச் சேர்த்துப் பார்க்கிற சிரமத்தை ஏஜென்ஸி பையன் எடுத்துக்கொண்டால் பிழைத்தோம்.

கோர்ட் படியே மிதிக்காதவர்களும் சிரிக்க வேண்டாம். 2020 கொரோனா ஊரடங்கில் பால் வாங்கப் போனேன், மருந்து வாங்கப் போனேன் என்று பைக்கோடு மாட்டியவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் மட்டும் சுமார் பத்து லட்சம் வழக்கு. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, வன்முறை, முறைகேடு போன்றவை நீங்கலாக அவற்றை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். அறிவிப்பு வந்துவிட்டது. அது உங்கள் ஏரியா ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஏறியதா என்று ஒரு எட்டு போய்ப் பார்ப்பது உத்தமம். வழக்கு பதிவாகிற வேகத்தில் முடிவு பதிவாவதில்லை.

பாஸ்போர்ட் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. 1967 சட்டப்படி கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம். ஆனால் வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும், விசாரணை மட்டும் என்றால் அது நிலுவை வழக்கு ஆகாது, கோர்ட் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. வழக்கு உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தாலும், அந்தக் கோர்ட்டிலேயே அனுமதி வாங்கி வந்தால் பாஸ்போர்ட் தர 1993 அறிவிக்கை ஒன்று வழி செய்கிறது. கோர்ட் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்கு மட்டும் கிடைக்கும். ஏட்டையா சொன்னார், ஏஜென்ட் சொன்னார் என்று ஓடிப்போய் வேறு முகவரியில் விண்ணப்பித்து, இல்லாத குற்றத்தைப் புதிதாகச் செய்யாதீர்கள்.

கூகுளிலிருந்து அழிக்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் முயன்று பார்த்தார். மேல்முறையீட்டில் 2014-ல் விடுதலையானவர். பெயரைத் தட்டினால் இன்னும் தீர்ப்பு வருகிறதே, என் பெயரை எடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சம்மதித்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கோர்ட் தீர்ப்பு பொதுச் சொத்தா, தனி மனிதன் மானமா என்று பெரிய இடத்து விவாதம். இதில் வேடிக்கை, மறக்கச் சொல்லி அவர் போட்ட வழக்கே பத்திரிகைகளில் வந்து, அவரை ஊரெல்லாம் தெரிந்துகொண்டது.

ரூம்மேட் கதைக்கு வருகிறேன். குமாஸ்தா சொன்னபடியே செய்தான். மறுநாள் ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போய், கோர்ட்டில் மனு போட்டுத் தீர்ப்பின் நகலை சீல் வைத்து வாங்கினான். 'ஆம்' கட்டத்தில் டிக். கூடவே ஒரு பக்கக் கடிதம். கிரிக்கெட், ரன் அவுட், உதடு எல்லாம் எழுதி, நகலையும் இணைத்துக் கொடுத்தான். பர்சனல் டிபார்ட்மென்ட்டிலிருந்து (இப்போது ஹெச்.ஆர். என்கிறார்கள்) ''பார்த்துவிட்டுச் சொல்கிறோம்'' என்று பதில் வந்தது. மூன்று வாரம் சத்தமே இல்லை. பழைய வேலையை ராஜினாமா செய்தாயிற்று. மெஸ் பாக்கி ஏறியது. இருபத்தோராம் நாள், ஒரு பெண்மணி போனில் கூப்பிட்டார். ''திங்கட்கிழமை ஜாயின் பண்ணிடுங்க. எங்க டைரக்டருக்கும் கிரிக்கெட் பிடிக்கும்.''

தீர்ப்பு நகலை லேமினேட் செய்து, பத்தாவது மார்க் ஷீட்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறான். போன தை மாதம் பெண் பார்க்கப் போனபோதும் அது பையில் இருந்தது. பஜ்ஜி, காபி எல்லாம் ஆன பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ''மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன்...'' என்று ஆரம்பித்தான்.

''கேஸ் சமாசாரம்தானே? இஸ்திரிக்காரர் அப்பவே சொல்லிட்டார்'' என்றார் பெண்ணின் அப்பா. ''அது கெடக்கட்டும் மாப்ளே, அந்த மேட்ச்சுல கடைசியா யார்தான் ஜெயிச்சாங்க?''